யாஃபா, 1799: அபின் கொடுக்க மறுத்த மருத்துவர்

1799 மே 16, அதிகாலை. பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள அக்ரே கோட்டையை இரண்டு மாதங்களாக முற்றுகையிட்டும் பிரெஞ்சுப் படையால் பிடிக்க முடியவில்லை. தளபதி நெப்போலியன் போனபார்ட், படையின் தலைமை மருத்துவர் ரெனே-நிக்கோலா தெஜெனெத்தைத் தன் கூடாரத்துக்கு அழைத்தார். உள்ளே அவரைத் தவிர இருந்தவர் படைத்தலைமை அலுவலர் பெர்த்தியே மட்டும்தான். படையினரின் உடல்நலம் பற்றிச் சிறிது பேசிவிட்டு நெப்போலியன் விஷயத்துக்கு வந்தார். 'உங்கள் இடத்தில் நான் இருந்தால், பிளேக் கண்டவர்களுக்கு அபின் கொடுத்து அவர்களுடைய வேதனையையும் அவர்களால் நமக்கு வரும் ஆபத்தையும் சேர்த்தே முடித்துவிடுவேன்' என்பது அவர் சொன்னதன் பொருள். தன் கடமை உயிரைக் காப்பது என்று தெஜெனெத் ஒரே வரியில் பதில் சொன்னார்.

மருத்துவ அறத்தில் இந்த உரையாடலுக்குத் தனி இடம் உண்டு. பெரும்பாலும் இதைக் கடமைக்கும் இரக்கத்துக்கும் நடந்த மோதலாகவே சொல்வார்கள்: தளபதி இரக்கத்தின் பக்கம், மருத்துவர் கடமையின் பக்கம். நிகழ்வின் முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்துப் படித்த பிறகு, இந்தப் பங்கீடு தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே கடற்கரையில், பிளேக் நோயாளிகள் கிடந்த யாஃபா நகரில் எழுந்த கேள்வி, இரக்கம் என்ற பெயரில் ஒரு சாவு கேட்கப்படும்போது அந்தச் சாவினால் யாருடைய சுமை இறங்குகிறது என்பது. அதைக் கேட்காமல் தெஜெனெத்தின் மறுப்பைப் போற்றினால், அவர் எதை மறுத்தார் என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

படை அங்கே வந்த கதை

1798 ஜூலையில் பிரெஞ்சுப் படை எகிப்தில் இறங்கியது. ஆகஸ்ட் 1 அன்று நைல் முகத்துவாரத்துக்கு அருகே ஆங்கிலேய அட்மிரல் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்தார். வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. உஸ்மானியப் பேரரசு போர் அறிவித்தது. அதன் படைகள் சிரியா வழியாக வருவதற்குள் தானே முந்திக்கொள்ள நினைத்த நெப்போலியன், 1799 பிப்ரவரியில் ஏறத்தாழ 13,000 பேரோடு சினாய்ப் பாலைவனத்தைக் கடந்தார்.

இந்தப் படையெடுப்புக்கும் நம் தெற்குக்கும் ஒரு தொடர்பு இருந்தது. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரி 25 அன்று, கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். செங்கடல் கரைக்குப் பெரும்படையுடன் வந்துவிட்டதாகவும், ஆங்கிலேயரின் நுகத்தடியிலிருந்து அவரை விடுவிக்க விரும்புவதாகவும் அதில் சொல்லியிருந்தார். கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அக்ரே முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே, மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்து திப்பு கொல்லப்பட்டார்.

யாஃபாவில் நடந்தவை

மார்ச் 3 அன்று பிரெஞ்சுப் படை யாஃபாவை அடைந்தது. 7ஆம் தேதி மதில் உடைந்தது. நகருக்குள் புகுந்த படையினர் கொன்றார்கள், கொள்ளையடித்தார்கள், பெண்களைச் சூறையாடினார்கள். கோட்டைக்குள் தஞ்சமடைந்திருந்த உஸ்மானிய வீரர்களுக்கு நெப்போலியனின் உதவி அலுவலர்கள் இருவர் உயிருக்கு உத்தரவாதம் தந்தார்கள். அதை நம்பி அவர்கள் ஆயுதம் கீழே வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கைதிகள் கடற்கரைக்கு ஓட்டிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலில் துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு துப்பாக்கி மருந்தை மிச்சப்படுத்தத் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தினார்கள்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மே மாதத்தில் இவை வேறு உருவத்தில் திரும்ப வருகின்றன. கைதிகளுக்குப் போட உணவு இல்லை. காவலுக்கும் எகிப்துக்குத் திருப்பி அனுப்பவும் ஆள் இல்லை. விடுவித்தால் மீண்டும் எதிர்ப்பக்கம் சேர்ந்து சண்டையிடுவார்கள். முன்பு அல் அரிஷ் கோட்டையில் இனிப் போரிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து விடுதலையான சிலர் அவர்களில் இருந்தார்கள். இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இவை எல்லாமே படையின் வசதியைப் பற்றிய காரணங்கள்.

பிளேக் அதே நாட்களில் யாஃபாவில் பெருகியது. அந்தக் குளிர்காலத்திலேயே எகிப்தின் துறைமுகங்களான அலெக்சாந்திரியாவிலும் தமியெத்தாவிலும் அது தலைகாட்டியிருந்தது. யாஃபாவில் கொள்ளையடித்த துணிகளையும் கம்பளி ஆடைகளையும் வீரர்கள் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நோய் பரவ அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிளேக் கிருமியை யெர்சென் கண்டறிந்தது 1894இல், ஹாங்காங்கில். தெள்ளுப்பூச்சி வழியாகவே அது எலியிடமிருந்து மனிதருக்கு வருகிறது என்று சிமோன் காட்டியது 1898இல், கராச்சியில். 1799இல் இது எவருக்கும் தெரியாது. தொட்டால் ஒட்டும் என்று சிலர் சொன்னார்கள். காற்றில் வரும் என்று சிலர். பயந்தவனுக்கே வரும் என்று இன்னும் சிலர்.

ஒரு மடாலயத்தை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். மார்ச் 11 அன்று நெப்போலியன் அங்கே போனார். நோயாளிகளுக்கு நடுவே நீண்ட நேரம் இருந்தார். நெறிக்கட்டி உடைந்து சீழ் வழிந்து ஆடையெல்லாம் கறைபட்டிருந்த ஒரு வீரனின் சடலத்தைத் தூக்கவும் அவர் கைகொடுத்ததாகத் தெஜெனெத் எழுதியிருக்கிறார். இந்த வருகையைத்தான் ஓவியர் குரோ 1804இல் மாபெரும் ஓவியமாகத் தீட்டினார். இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில் நெப்போலியன் வெறும் கையால் ஒரு நோயாளியின் கட்டியைத் தொடுகிறார். அவர் பேரரசராக முடிசூடிய ஆண்டு அது. அபின் பற்றிய வதந்தி ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த நேரத்தில் இப்படி ஓர் ஓவியம் எதற்குத் தேவைப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வருகையே நாடகம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தொற்றும் என்று எல்லோரும் அஞ்சிய நோயின் நடுவே போய் நிற்கத் துணிவு வேண்டும். அதைச் செய்தவரும் முந்தைய நாட்களில் கைதிகளைக் கொல்ல ஆணையிட்டவரும் ஒரே மனிதர்தான்.

தெஜெனெத் என்ற மருத்துவர்

அவர் 1762இல் அலென்சோனில் பிறந்தவர். விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்பவர் அல்லர். பிளேக் விஷயத்தில் அவர் செய்த முதல் வேலையே ஒரு மறைப்பு. அந்த நோயின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நெறிக்கட்டியோடு வரும் காய்ச்சல் என்று மட்டுமே படைக்குள் பேசப்பட்டது. பயமே பாதி வீரர்களைப் படுக்கவைத்துவிடும், ஒருவரை ஒருவர் கைவிட்டு ஓடச் செய்துவிடும் என்பது அவர் கணிப்பு.

பிறகு அக்ரே முகாமில், வீரர்களின் அச்சம் உச்சத்தில் இருந்தபோது, அவர்கள் பார்க்க ஒரு காரியம் செய்தார். நோய் தணிந்துகொண்டிருந்த ஒருவரின் கட்டியிலிருந்து கத்திமுனையில் சீழை எடுத்துத் தன் இடுப்பிடுக்கிலும் அக்குளுக்கு அருகிலும் லேசாகக் குத்திக்கொண்டார். உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினார். நோய் வரவில்லை. அந்தச் சோதனை முழுமையற்றது, மருத்துவத்துக்கு அதனால் பெரிதாக எதுவும் நிரூபணமாகவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். வீரர்களுக்குத் தெம்பு வரவேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தார்.

இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசலாம். நோயாளியிடம் உண்மையைச் சொல்வது மருத்துவரின் கடமை என்று இன்று சொல்கிறோம். அந்த அளவுகோலில் தெஜெனெத் தவறியவர். தொற்றும் நோயைத் தொற்றாததுபோலக் காட்டியதால் சிலர் எச்சரிக்கையில்லாமல் நடந்திருக்கவும் கூடும். இன்னொரு பக்கம், அவர் விலையாக வைத்தது தன் உடலை. மற்றவர்களின் உடலை வைத்து அவர் ஆறுதல் வாங்கவில்லை. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரக்கத்துக்காக விதியை வளைக்கத் தயங்காத ஒருவர்தான் மே 16 அன்று ஓர் எல்லையில் நின்று மறுத்தார். ஆகவே, இரக்கமற்ற கடமை வெறியர் என்று அவரைச் சித்தரிப்பது பொருந்தாது.

தளபதியின் வாதம்

மறுப்பைக் கேட்ட நெப்போலியன் சினங்கொள்ளவில்லை. அமைதியாகத் தன் வாதத்தை விரித்தார். தனக்கு அந்த நிலை வந்தால் எதைக் கேட்டுக்கொள்வேனோ அதையே மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன் என்றார். படையைக் காக்கும் பொறுப்பு வேறு யாரையும்விடத் தனக்கே அதிகம் என்றும் நினைவூட்டினார். உங்கள் தயக்கத்தை வெல்ல நான் முயலவில்லை, என் நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் வேறு ஆட்கள் கிடைப்பார்கள் என்று முடித்தார். பெர்த்தியே வாய் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகு, நீங்கள் மறுத்தது சரி என்று தெஜெனெத்திடம் தனியாகச் சொன்னார்.

நெப்போலியனின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பின்வாங்கும் படை நோயாளிகளை விட்டுச் சென்றால் அவர்கள் யார் கையில் சிக்குவார்கள்? அக்ரேயின் ஆளுநர் ஜஸ்ஸார் பாஷா, வெட்டிக் கொண்டுவரும் பிரெஞ்சுத் தலைகளுக்குப் பணம் கொடுத்தவர். யாஃபாக் கடற்கரையில் நடந்த படுகொலைக்குப் பிறகு, பிரெஞ்சு நோயாளியிடம் யாராவது கருணை காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க இடமில்லை. கூடவே தூக்கிச் சென்றால் நோய் படை முழுவதும் பரவும் என்று நம்பினார்கள். சாகப்போவது உறுதி என்றால், சித்திரவதையில் சாவதைவிட உறக்கத்தில் சாவது மேல் என்ற எண்ணம் எந்த மனிதனுக்கும் வரக்கூடியதே. பல ஆண்டுகள் கழித்து, செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்தபோதும் நெப்போலியன் இதையே சொன்னார்: என் சொந்த மகன் அந்த நிலையில் கிடந்திருந்தாலும் அதைத்தான் விரும்பியிருப்பேன் என்று. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.

இருந்தும் அந்த வாதத்தில் மூன்று விரிசல்கள் தெரிகின்றன.

ஒன்று, அவர் முன்வைத்த வாக்கியத்திலேயே இரண்டு பயன்கள் இருந்தன: நோயாளியின் வேதனை தீரும், நமக்கு ஆபத்தும் தீரும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்திருந்தால் இந்தக் கூட்டமே நடந்திருக்காது. குண்டடி பட்டு வேதனையில் துடித்த நூற்றுக்கணக்கானோர் அதே முகாமில் இருந்தார்கள். அவர்களுக்கு அபின் கொடுத்து முடித்துவிடலாம் என்று எவரும் சொல்லவில்லை. அவர்களைத் தூக்கிச் செல்லலாம், அவர்களால் தொற்று வராது என்பதுதான் வேறுபாடு. வேதனையின் அளவு அங்கே அளவுகோலாக இருக்கவில்லை.

இரண்டாவது, சாவு உறுதி என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மருந்தே இல்லாத நெறிக்கட்டிப் பிளேக்கில் 30 முதல் 60 விழுக்காட்டினர் வரை இறப்பார்கள் என்பது இன்றைய மருத்துவக் கணக்கு. அந்தக் கணக்கு தெஜெனெத்திடம் இல்லைதான். ஆனால் கட்டி பழுத்து உடைந்தவர்கள் பலர் எழுந்து நடப்பதை அவர் தினமும் பார்த்தார். குணமாகிக்கொண்டிருந்த ஒருவரின் சீழைத்தான் தன் உடலிலும் குத்திக்கொண்டார். எவன் பிழைப்பான், எவன் போவான் என்று படுக்கையருகே நின்று யாராலும் சொல்ல முடியாத நோய் அது.

மூன்றாவது, நம்பிக்கை. பெயரையே மறைத்து, தன்னையே குத்திக்காட்டி, நோயாளிகளை மருத்துவமனைக்கு வரவைத்தவர் தெஜெனெத். அங்கே போனால் கோப்பையில் சாவு கிடைக்கும் என்ற செய்தி ஒரு முறை கசிந்தால் போதும். அதன் பிறகு ஒரு வீரன்கூடத் தன் காய்ச்சலை வெளியே சொல்ல மாட்டான். நோயை மறைத்துக்கொண்டு தோழர்களோடு படுப்பான். படையைக் காக்க என்று முன்மொழியப்பட்ட காரியம் படைக்குள்ளேயே நோயை ஒளித்துவைக்கும். தெஜெனெத்தின் ஒருவரிப் பதிலில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன், அவர் அதை விரித்துச் சொல்லாவிட்டாலும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. யாரும் நோயாளிகளிடம் கேட்கவில்லை. எனக்கு இப்படி நேர்ந்தால் இதையே விரும்புவேன் என்பது கேட்பவருடைய விருப்பம். நினைவோடு கிடந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்; அவர்களுக்கும் ஒரு விருப்பம் இருந்திருக்கும். மார்ச்சில் கைதிகளுக்குச் சோறில்லை, காவலுக்கு ஆளில்லை என்று கணக்குப் போட்ட அதே கைதான் மே மாதத்தில் நோயாளிகளைத் தூக்கிச் செல்ல முடியாது என்று கணக்குப் போட்டது. மார்ச்சில் கொல்லப்பட்டவர்கள் எதிரிகள் என்பதால் இரக்கம் என்ற சொல் தேவைப்படவில்லை. மே மாதத்தில் சொந்த வீரர்கள் என்பதால் தேவைப்பட்டது.

பின்வாங்கலும் கோப்பைகளும்

மே 20 இரவு முற்றுகை கைவிடப்பட்டது. திரும்பும் வழி கொடுமையானது. காயம்பட்டவர்களும் நோயாளிகளும் ஏறிச் செல்ல எல்லாக் குதிரைகளையும் ஒப்படைக்க வேண்டும் என்று நெப்போலியன் ஆணையிட்டார். உங்களுக்கு எந்தக் குதிரையை ஒதுக்கிவைக்கட்டும் என்று கேட்ட குதிரைப் பொறுப்பாளரைச் சாட்டையால் அடித்து, எல்லோரும் நடக்க வேண்டும், முதலில் நான் நடப்பேன் என்று அவர் கத்தியதை அவருடைய செயலர் பூரியென் எழுதிவைத்திருக்கிறார். அதே பூரியென்தான், கைகால் இழந்தவர்கள் வழியோரம் எறியப்பட்டுக் கிடந்ததையும், நோய் கண்டவன் என்று சந்தேகம் வந்தால் தோழர்களே விட்டுவிட்டு நடந்ததையும் எழுதினார். ஆணை நல்லதாகவே இருந்தது. ஆனால் இரண்டு மாத முற்றுகையில் சோர்ந்துபோன படையிடம் அதை நிறைவேற்றும் வலு மிஞ்சவில்லை.

24ஆம் தேதி யாஃபாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 28ஆம் தேதி அங்கிருந்து புறப்பட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் 25 முதல் 30 பிளேக் நோயாளிகளுக்கு அபின் கரைசல் கனத்த அளவில் கொடுக்கப்பட்டது என்று தெஜெனெத் சாட்சி சொல்கிறார். சிலர் அதை வாந்தி எடுத்துவிட்டார்கள். வேதனை தணிந்து, பிழைத்து, நடந்ததை வெளியே சொன்னார்கள். கொடுத்தவர் படையின் தலைமை மருந்தாளர் ருவாயே என்று அக்கால நினைவுக் குறிப்புகள் சில சுட்டுகின்றன.

மூன்றாண்டுகள் கழித்து, 1802இல், ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் வில்சன் தன் நூலில் 580 பேர் நஞ்சூட்டப்பட்டார்கள் என்று எழுதினார். எதிரியை அசுரனாகக் காட்டும் போர்க்காலப் பெருக்கம் அது. நெப்போலியன் தன் பங்குக்கு, கேள்விக்குரியவர்கள் ஏழு பேர் அளவிலேயே இருந்தார்கள், அபின் கொடுக்கப்படவும் இல்லை என்று செயின்ட் ஹெலினாவில் சாதித்தார். இரண்டு பக்கமும் நலன் இருந்தது. தெஜெனெத் சொன்ன எண்ணிக்கையையே நான் ஏற்கிறேன்: அவர் அங்கே இருந்தவர், தன் மறுப்பைப் பெரிதாக்கிக் காட்ட எண்ணிக்கையை ஏற்றியிருக்கலாம், ஆனால் ஏற்றவில்லை.

பிழைத்தவர்களின் செய்தி இந்த நிகழ்வு முழுவதிலும் மிகக் கனமான சான்று. சாவைத் தவிர வேறு வழியில்லை என்று தீர்மானிக்கப்பட்டவர்கள், கொடுத்த நஞ்சையும் மீறி எழுந்து நடந்தார்கள். மே 16 அன்று கூடாரத்தில் தெஜெனெத் ஒப்புக்கொண்டிருந்தால், எவருக்குச் சாவு உறுதி என்று பட்டியல் போட வேண்டியவர் அவர்தான். அந்தப் பட்டியலில் இவர்கள் பெயரும் இருந்திருக்கும்.

மௌனம்

மறுத்தவர் அதை உடனே உலகுக்குச் சொல்லவில்லை. 1802இல் அந்தப் படையெடுப்பின் மருத்துவ வரலாற்றை வெளியிட்டபோது கூடார உரையாடல் அதில் இல்லை. நெப்போலியன் இறந்தது 1821இல். 1830இல் வந்த புதிய பதிப்பில்தான் தெஜெனெத் எல்லாவற்றையும் எழுதினார். இடையில் அவர் பேரரசின் உயர் மருத்துவப் பதவிகளில் இருந்தார், பாரன் பட்டமும் பெற்றார். 1812இல் ரஷ்யப் பின்வாங்கலில் சிறைபிடிக்கப்பட்டபோது, ரஷ்ய வீரர்களுக்கும் அவர் சிகிச்சை அளித்தவர் என்பதற்காக ஜார் அலெக்சாந்தர் அவரை விடுவித்தார்.

அவர் கோழை அல்லர். 1799 கோடையில் கெய்ரோவில், எகிப்து ஆய்வுக் கழகத்தின் கூட்டத்தில், சிரியத் தோல்விக்குப் பிளேக்கே காரணம் என்று அறிக்கை எழுதவைக்க நெப்போலியன் முயன்றபோது எல்லோர் முன்னிலையிலும் எழுந்து எதிர்த்தவர். நோயின் பெயரை வீரர்களின் தெம்புக்காக மறைத்தவர், தளபதியின் பெயரைக் காப்பாற்ற அதே நோயைப் பயன்படுத்த விடவில்லை. ஆனாலும் அபின் பற்றி முப்பது ஆண்டுகள் பேசாமல் இருந்ததை நான் அவருடைய மறுப்போடு சேர்த்தே எடைபோடுகிறேன். தனக்குப் பதில் வேறொருவரைத் தேடுவார்கள் என்று தளபதி நேரிலேயே சொல்லிவிட்டார். தலைமை மருத்துவரான தெஜெனெத்துக்குக் கீழே இருந்தவர்கள்தான் அந்த வேறொருவர். அவர்களை எச்சரிக்கவும் தடுக்கவும் அவருக்குப் பதினொரு நாட்கள் இருந்தன. தன் கை கறைபடாமல் பார்த்துக்கொள்வதோடு ஒரு தலைமை மருத்துவரின் பொறுப்பு முடிவதில்லை.

வார்சாவில் ஒரு மருத்துவர்

யாஃபாவிலிருந்து, அபின் கொடுப்பது எப்போதும் தவறு என்று ஒருவர் முடிவெடுக்கக் கூடும். அப்படி எடுக்க முடியாதபடி செய்யும் நிகழ்வு ஒன்று உண்டு.

1942 கோடையில் வார்சா யூதக் குடியிருப்பிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை நாஜிகள் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். செப்டம்பரில், அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையையும் காலி செய்ய வந்தார்கள். ஆதினா ஷ்வைகர் என்ற இருபத்தைந்து வயது மருத்துவர் அங்கே பணியில் இருந்தார். முதலில் ஒரு செவிலியர், படுக்கையில் கிடந்த தன் தாய்க்கு மார்பின் ஊசி போடும்படி கேட்டார். ஷ்வைகர் போட்டார். பிறகு மாடிக்குப் போய், கைக்குழந்தைகளின் வாயில் மார்பினைச் சிறிது சிறிதாக ஊற்றினார். பெரிய குழந்தைகளிடம், இந்த மருந்து வலியைப் போக்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். கீழே ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஷ்வைகர் உயிர் பிழைத்தார், எதிர்ப்பியக்கத்தில் வேலை செய்தார், போருக்குப் பின்னும் குழந்தை மருத்துவராகவே வாழ்ந்தார். நடந்ததை எழுத அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மேலோட்டமாகப் பார்த்தால் ஷ்வைகர் செய்தது தெஜெனெத் மறுத்த அதே காரியம். நோயாளிகளிடம் ஒப்புதல் கேட்கவில்லை என்பதும் இரண்டிலும் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் சாவால் ஷ்வைகரின் சுமை எதுவும் இறங்கவில்லை. அவர் தப்பிப் போகும் வழியில் அவர்கள் இடைஞ்சலாக நிற்கவில்லை. அவர்களைத் தூக்கிச் செல்ல அவருக்கு ஒரு படையோ குதிரையோ கப்பலோ இல்லை. பேச்சு நடத்தக்கூடிய எதிரி எவனும் இல்லை. கொல்வதற்கென்றே வந்தவர்கள் மாடிப்படியில் இருந்தார்கள். நோயின் போக்கைப் பற்றிய சந்தேகத்துக்கும் இடமில்லை, ஏனென்றால் அங்கே சாவு நோயினால் வரவில்லை. அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நெப்போலியன் பேசிய இரக்கமும் ஷ்வைகர் செய்ததும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது வழி இருந்ததா?

யாஃபாவில் இருந்தது. அதற்கான சான்று எதிரியின் கையெழுத்திலேயே கிடைக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காயம்பட்டவர்களில் ஒரு பகுதியினரை யாஃபாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பினார்கள். போதிய தண்ணீரும் உணவும் இல்லாத அந்தக் கப்பல்கள், கடலைக் காவல்காத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயத் தளபதி சிட்னி ஸ்மித்தின் கப்பல்களை நோக்கி நேராகப் போயின. அக்ரேயைக் காப்பாற்றி நெப்போலியனைத் தோற்கடித்தவர் இந்த ஸ்மித்தான். அவர் அந்தக் காயம்பட்டவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து, தமியெத்தாவுக்குப் போகவிட்டார். நெல்சனுக்கு எழுதிய அறிக்கையில் அதைக் குறித்தும் வைத்தார். பிரெஞ்சுப் படை போன பிறகு யாஃபாவில் உயிரோடு கிடந்த நோயாளிகள் சிலரைக் கண்டெடுத்தவர்களும் அவருடைய ஆட்கள்தாம்.

ஆக, ஜஸ்ஸார் பாஷாவின் வாள் ஒன்றே எதிர்ப்பக்கம் இல்லை. நோயாளிகளை ஸ்மித்தின் பாதுகாப்பில் ஒப்படைக்கப் பேச்சு நடத்தியிருக்கலாம். இது 1799க்குப் புதிய சிந்தனை அல்ல. 1743இலேயே ஜெர்மனியில் மோதிய ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள், ஒருவர் மருத்துவமனையை மற்றவர் தொடுவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் அப்படிப் பேசுவது தோல்வியை எதிரியிடம் ஒப்புக்கொள்வதாகும். கெய்ரோவுக்கு வெற்றி ஊர்வலமாகத் திரும்ப நினைத்த தளபதி அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை.

தெஜெனெத்தின் பதிலில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். உயிரைக் காப்பது என் கடமை என்றார். எப்படிக் காப்பது என்று ஒரு திட்டத்தை அதே மூச்சில் வைக்கவில்லை. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் ஆகிய நால்வரும் சேர்ந்தால்தான் மருத்துவம் என்று நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். யாஃபாவில் முதல் மூவரைப் பற்றித்தான் வாதம் நடந்தது. நோயாளிகளோடு யார் பின்தங்குவது என்ற கேள்வியை மே 16 அன்று யாரும் எழுப்பவில்லை.

இன்று அந்தக் கேள்விக்குச் சட்டம் விடை வைத்திருக்கிறது. 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா ஒப்பந்தம், 12ஆவது பிரிவு: காயம்பட்டவர்களையோ நோயாளிகளையோ எதிரியிடம் விட்டுச் செல்ல நேர்ந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள மருத்துவப் பணியாளர்களிலும் மருந்துகளிலும் ஒரு பகுதியை அவர்களோடு விட்டுச் செல்ல வேண்டும். 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை, 16ஆவது பிரிவு: மருத்துவ அறத்துக்கு மாறான எதையும் செய்யும்படி மருத்துவப் பணியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தெஜெனெத்துக்கு இந்த இரண்டில் எதுவும் கைவசம் இல்லை.

ஆனால் 12ஆவது பிரிவில், பணியாளர்களை விட்டுச் செல்வது 'இராணுவத் தேவைகள் அனுமதிக்கும் அளவுக்கு' என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்த அளவு எது என்று முடிவு செய்பவர் இன்றும் தளபதிதான். எனவே ஒரு படையின் தலைமை மருத்துவர், தூக்கிச் செல்ல முடியாதவர்களோடு யார் பின்தங்குவார்கள், எத்தனை நாளுக்கு மருந்து அவர்களிடம் இருக்கும், எதிர்ப்பக்கத்தில் யாரிடம் பேச முடியும் என்பதை முற்றுகை தொடங்கும் முன்பே எழுதித் தளபதியின் மேசையில் வைத்துவிட வேண்டும். பின்வாங்கலுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது கூப்பிட்டுக் கேட்டால், மறுக்க மட்டுமே நேரம் இருக்கும்.